பானட்டுக்கு அந்தப் பக்கம்

இதை யாரிடம் சொன்னாலும் முதலில் கேட்பது, "ராத்திரி எத்தனை மணிக்கு?" என்றுதான். ராத்திரி இல்லை. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு மேல். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எனக்கும் ஒரு காலத்தில் நினைப்பு இருந்தது. இப்போது இல்லை.

நடந்தது என் அக்காவுக்கு. பெரியம்மா மகள். வாயில் பொய் வராது, அதனாலேயே பாதி சொந்தக்காரர்களுக்கு அவளைப் பிடிக்காது. என்னிடம் இதை மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். மூன்று தடவையும் ஒரு நிமிடம்கூட மாறவில்லை. கார் டேஷ்போர்டில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் அவள். நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

மாமாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர். சலூன் வைத்திருக்கிறார். கையில் அப்படி ஒரு பதம் அவருக்கு. தூங்குகிற குழந்தையை எழுப்பாமலே முடி வெட்டி முடித்துவிடுவார். ஆனால் மனிதருக்கு ஒரு கிறுக்கு உண்டு. வீட்டில் எது கெட்டாலும் தானேதான் பிரிப்பார். மிக்சி, ஃபேன், தண்ணீர்க் குழாய், கடைசியில் அந்தப் பழைய டீசல் கார். மெக்கானிக்கிடம் போவது அவருக்கு மானப் பிரச்சினை. "பத்தே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுப்பார். அவருடைய பத்து நிமிடங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் அக்காவின் ஆயுளில் ஒரு வருடம் தேறும். நாங்கள் கேலி செய்வோம், அக்காவும் சிரிப்பாள். அது ஒரு காலம்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மூன்று மாதம் முன்னால் ஒரு நாள் பெரியப்பாவுக்கு முடியவில்லை என்று அண்ணி போன் செய்தாள். அண்ணி என்றால் அக்காவின் அண்ணன் மனைவி, பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். "உடனே கிளம்பி வா" என்றாள். அக்காவும் மாமாவும் அந்தக் காரில் கிளம்பினார்கள். 11:05-க்கு நடுரோட்டில் இன்ஜின் நின்றுவிட்டது. அங்கிருந்து பெரியப்பா வீட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரப் பயணம். அக்கா கையைக் காட்டி வேறு ஏதாவது வண்டியை நிறுத்தலாம் என்றாள். மாமா பானட்டைத் திறந்துவிட்டார்.

"டீசல் லைன்ல ஏர் புடிச்சிருக்கு. பத்தே நிமிஷம்."

அந்த வார்த்தையை அன்று ஏழு தடவை சொன்னாராம். அக்கா எண்ணியிருக்கிறாள். 12:20-க்கு அவளே ரோட்டின் நடுவில் போய் நின்று ஒரு டாக்சியை மறித்தாள். போய்ச் சேர்ந்தபோது மணி 1:20. அண்ணி வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "பன்னெண்டு நாப்பதுக்குப் போயிட்டார்மா. கடைசி வரைக்கும் உன்னைத்தான் கேட்டுக்கிட்டிருந்தார்."

கணக்கு யாருக்கும் புரியும். வண்டி நின்றவுடனே வேறு வண்டி பிடித்திருந்தால் அப்பாவை உயிரோடு பார்த்திருக்கலாம்.

அன்றோடு அக்கா மாமாவிடம் பேச்சை நிறுத்தினாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. ஒரு வார்த்தை, அதுவும் இல்லை. சாப்பாட்டை வைப்பாள், போய்விடுவாள். மாமா அவள் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார், என்னைத் தூது அனுப்பினார். "அவ என்னைத் திட்டட்டும், போதும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு" என்று என்னிடம் கெஞ்சினார். நான் போய்ச் சொன்னேன். அக்கா என்னிடமும் இரண்டு நாள் பேசவில்லை.

காரை இழுத்து வந்து வீட்டுப் பக்கத்தில் இருந்த தகர ஷெட்டில் போட்டார்கள். அதையாவது சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாமா நினைத்தாரோ என்னவோ, லீவு நாளெல்லாம் அதிலேயே கிடந்தார். ஃபில்டர் மாற்றினார். குழாய்கள் மாற்றினார். இன்ஜின் முன்னால் இருக்கிற பெல்ட்டையும் மாற்றினார். ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மூடிக்கொள்ளலாம் என்று பெல்ட்டின் மூடியை மாட்டாமலே விட்டிருந்தார்.

கடைசியில் பாக்கி இருந்தது ஏர் எடுக்கிற வேலை. டீசல் வண்டியில் குழாய்க்குள் துளிக் காற்று இருந்தாலும் போச்சு, டீசலை நகர விடாது. அதனால் ஒவ்வொரு குழாயின் நட்டையும் அரைச் சுற்று தளர்த்திவிட்டு, உள்ளே ஒருவர் உட்கார்ந்து செல்ஃப் அடிக்க வேண்டும். சாவியைத் திருப்பி இன்ஜினைச் சுற்ற வைக்கிறதைத்தான் அப்படிச் சொல்வார்கள். முதலில் குமிழ் குமிழாக வரும். பிறகு சுத்தமாக டீசல் பீய்ச்சும். உடனே நட்டை இறுக்கிவிட வேண்டும். மொத்தம் நான்கு குழாய். தனி ஆளால் ஆகாது. இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ள வேண்டும்.

மாமா ஃப்ரிட்ஜ் மேல் ஒரு சீட்டு ஒட்டினார். "செவ்வாய் காலை 10. செல்ஃப் அடிக்க ஆள் வேணும். வண்டி ஓடிட்டா வித்துடறேன். பேச வேண்டாம். நான் மட்கார்டில ஒரு தட்டு தட்டினா அடி. ரெண்டு தட்டினா நிறுத்து."

அந்தக் கார் கண்ணில் படாமல் தொலைந்தால் போதும் என்று இருந்தது அக்காவுக்கு. கீழே "சரி" என்று எழுதினாள்.

10:12-க்கு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். பானட் தூக்கி நிறுத்தியிருந்தது. முன்கண்ணாடி முழுக்க அதுதான் தெரிந்தது. அடியில் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு இடுக்கு. அதன் வழியே மாமாவின் நீலச் சட்டை அவ்வப்போது தெரிந்தது. கையெல்லாம் டீசல் ஆகிவிடும் என்று அவர் தன் போனைப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

10:20. டொக். ஸ்பேனரால் தட்டுகிற சத்தம். அக்கா சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உறுமியது. டொக் டொக். விட்டாள். முதல் குழாய் முடிந்தது.

10:35-க்கு இரண்டாவது குழாய். அதுவும் ஒழுங்காக முடிந்தது. பேச்சே இல்லாமல் ஒரு வேலை இவ்வளவு சுலபமாக நடக்கிறதே என்று அக்காவுக்கு ஒரு கசப்பான திருப்திகூட வந்ததாம்.

10:48-க்கு மாமா பேசுவது கேட்டது.

வார்த்தை புரியவில்லை. முணுமுணுப்புதான். "ம்... ம்..." என்று கதை கேட்கிற மாதிரி. நடுவில் ஒரு "சரிம்மா". போனில் யாரிடமோ பேசுகிறார் என்று அக்கா நினைத்தாள். யாரிடம் இவ்வளவு குழைவு என்று எரிச்சலும் வந்தது.

பிறகுதான் பக்கத்து சீட்டைப் பார்த்தாள். போன் அங்கேதான் இருந்தது. திரை கறுப்பாக.

10:55. மாமா சிரித்தார். மூன்று மாதமாக அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

10:58. டக்.

அது ஸ்பேனர் சத்தம் இல்லை. விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். சரி, ஸ்பேனரைக் கீழே வைத்திருப்பார். அக்கா சாவியைத் திருப்பினாள். கொஞ்ச நேரத்தில் டக் டக். நிறுத்தினாள். தட்டு வந்தது வலது பக்கத்திலிருந்து. இடுக்கில் நீலச் சட்டை தெரிந்தது இடது பக்கத்தில். இரண்டையும் சேர்த்து யோசிக்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

11:10-க்குப் பக்கத்து சீட்டில் இருந்த போன் நகர்ந்தது.

யாரும் தொடவில்லை. ஓரத்தில் இருந்தது, மெல்ல சரிந்து சீட்டின் நடுவுக்கு வந்தது. நடுவில் மெத்தை குழிந்திருந்தது. ஆள் உட்கார்ந்தால் குழிகிற அளவுக்கு.

அக்கா கையை ஸ்டீயரிங்கில் வைத்தபடி அதையே பார்த்தாள். பழைய சீட்டு, ஸ்பிரிங் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

11:15. அந்தப் பக்கத்துக் கதவுக் கண்ணாடியில், உள்பக்கமாக, ஆவி படிந்தது. உள்ளங்கை அளவு. வெயிலில் தகரக் கூரை படபடவென்று வெடிக்கிற நேரம் அது. படிந்தது... மங்கியது... மறுபடி படிந்தது. மூச்சு விடுகிற கணக்கில்.

நீ ஏன் இறங்கி ஓடவில்லை என்று நான் கேட்டேன். அக்கா சொன்ன பதில் எனக்கு மறக்காது. "இறங்கினா அவர்கிட்ட ஏதாவது சொல்ல வேண்டியிருக்குமேடி."

அவ்வளவு வீம்பு. பயத்தைவிடப் பெரிய வீம்பு.

11:22. "சத்தியமாவா?" மாமாவின் குரல். இந்தத் தடவை தெளிவாகக் கேட்டது. "சத்தியமாவா சொல்றே?"

பிறகு அவர் அழுதார். தேம்பித் தேம்பி, சின்னப் பிள்ளை மாதிரி.

அக்கா அசையவில்லை.

11:30. அழுகை நின்றது.

11:38. ணங்... ஏதோ நட்டு உள்ளே விழுந்த சத்தம். மாமா ஏதோ கேட்டார். கேள்வி மாதிரி இருந்தது. வார்த்தை புரியவில்லை.

11:40. அமைதி.

கண்ணாடியில் ஆவி இல்லை.

11:41.

டக்.

திருப்பினாள்.

இன்ஜின் அரைச் சுற்று சுற்றியது... சிக்கியது... நின்றது.

அதற்குப் பிறகு வந்த சத்தத்தை அக்கா என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஓடி வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். பெல்ட்டுக்கும் அது சுற்றுகிற சக்கரத்துக்கும் நடுவிலிருந்து கையை எடுக்கவே இருபது நிமிடம் ஆனது. வலது கை. கட்டைவிரல் நுனியும், அடுத்த இரண்டு விரல்களும் போயின. கத்தரி பிடிக்கிற விரல்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நாத்தனார் வார்டே அதிரக் கத்தினாள். நாத்தனார் என்றால் மாமாவின் அக்கா, லேசுப்பட்ட வாய் இல்லை. "பேசாம இருந்தே பழி தீர்த்துட்டியே! அவன் கையை உள்ள விட்டிருக்கான், நீ சாவியைத் திருப்பறே! உங்க அப்பன் போனதுக்கு என் தம்பி கையா கிடைச்சுது?"

அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். தட்டினார், அதனால் திருப்பினேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமா கட்டிலிலிருந்து பேசினார்.

"அவளைத் திட்டாதேக்கா. நாங்க சமாதானம் ஆயிட்டோம்."

முகத்தில் சிரிப்பு. கையில் அவ்வளவு பெரிய கட்டு, முகத்தில் மாப்பிள்ளைக் களை. மருந்து மயக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"நேத்து காலையில எல்லாத்தையும் பேசிட்டா. மனசு விட்டுப் பேசிட்டா. மூணாவது குழாயிலேர்ந்து நான் தட்டவே இல்லையே. பேசறவகிட்ட எதுக்குத் தட்டணும்? அடிம்மான்னேன், அடிச்சா. போதும்மான்னேன், நிறுத்தினா."

அக்கா சுவரை விட்டுக் கட்டிலருகே வந்தாள்.

"நட்டு உள்ள விழுந்துடுச்சு, எடுக்கட்டுமான்னு கேட்டேன். சாவியை எடுத்துட்டேங்க, எடுங்கன்னு சொன்னா. அப்புறம் மறந்து கை பட்டிருக்கும். வேணும்னா செய்வா?"

"நான் பேசவே இல்ல!"

மூன்று மாதத்துக்குப் பிறகு அக்கா தன் புருஷனிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மாமா அவளை வேடிக்கையாகப் பார்த்தார். "விளையாடாதேம்மா. உன் குரல் எனக்குத் தெரியாதா? பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரி கேட்டுச்சே. உன்மேல தப்பில்லைங்கன்னு நீதானே சொன்னே? அப்பா பதினொண்ணு இருபதுக்கே போயிட்டார், வண்டி நிக்காம ஓடியிருந்தாலும் பார்த்திருக்க முடியாது, இத்தனை நாள் உங்களை வதைச்சுட்டேன்னு நீதானே அழுதே?"

அதுவரை பயந்துபோய் நின்ற அக்காவுக்கு இப்போது உடம்பெல்லாம் தீப்பிடித்தது. தன் தப்பை மறைக்க, செத்துப்போன மனிதரின் நேரத்தையே மாற்றுகிறாரே என்று ஆத்திரம். அதுவும் அவள் வாயால் சொன்னதாக! தட்டு, போன், கண்ணாடி எல்லாம் அந்த ஆத்திரத்தில் அடிபட்டுப் போயின. "பன்னெண்டு நாப்பது" என்று மட்டும் சொன்னாள். "எங்கப்பா போனது பன்னெண்டு நாப்பது." வெளியே வந்துவிட்டாள்.

அப்புறம் ஐந்து மாதம்.

சலூனைக் கைமாற்றி விட்டார்கள். மாமா வீட்டிலேயே இருந்தார். அக்கா மறுபடி பேச ஆரம்பித்திருந்தாள், பேசாமல் குளிப்பாட்டி, சோறு ஊட்டிவிட முடியாதே. ஆனால் இப்போது மாமாவிடமிருந்து வந்தது வெறும் "ம்". கோபம் இல்லை. கவனம் இல்லை, அவ்வளவுதான். தினமும் காலை பத்து மணிக்கு ஷெட்டுக்குப் போய்விடுவார். காரை விற்கலாம் என்று அக்கா சொன்னபோது மட்டும் ஒரு முழு வாக்கியம் வந்தது. "அது இருக்கட்டும்."

ஒற்றைக் கையால் எதைப் பிரிக்கிறார், எதைப் பூட்டுகிறார் என்று அக்கா போய்ப் பார்க்கவில்லை. அந்த ஷெட் பக்கமே அவள் போவதில்லை.

ஒரு நாள் காலை 10:50-க்கு அண்ணியிடமிருந்து போன். வழக்கமான விசாரிப்பு. மாமாவின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலன்னா எனக்குத் தூக்கமே வராது."

"என்ன அண்ணி?"

"மாமா பன்னெண்டு நாப்பதுக்குப் போகலம்மா. உன்னைக் கேட்டார்னு சொன்னதும் பொய்."

அண்ணிக்குப் பெரியப்பா மாமனார், அதனால் அவளுக்கு அவர்தான் மாமா.

"நான் மாடியில துணி காயப்போடப் போயிருந்தேன். கொஞ்சம் நேரமாயிடுச்சு. இறங்கி வந்தா... கடைசி மூச்சு இழுத்துக்கிட்டிருக்கு. தண்ணி எடுத்துட்டு வரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. பக்கத்துல யாருமே இல்லாம விட்டுட்டியேன்னு நீங்கள்ளாம் கேப்பீங்கன்னு பயம். அதான் கடைசி வரைக்கும் பக்கத்துலேயே இருந்தேன், பன்னெண்டு நாப்பதுக்குத்தான் போனார்னு நேரத்தை மாத்திட்டேன். உங்கண்ணனுக்குக்கூடத் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் இதை வாய் விட்டு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

கேட்காமலே இருந்திருக்கலாம். கேட்டாள்.

"எத்தனை மணி அண்ணி?"

"பதினொண்ணு இருபது."

அக்கா போனை வைத்தாளா, கீழே போட்டாளா என்று அவளுக்கே நினைவில்லை. எத்தனையோ நாள் வீம்பாக இருந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது. அந்த மனிதர்மேல் தப்பே இல்லை. ஒரு வார்த்தை கிடைக்காதா என்று நாய் மாதிரி பின்னாலேயே சுற்றினாரே! அந்த வார்த்தையை அவள் கொடுக்கவில்லை. வேறு ஏதோ கொடுத்திருக்கிறது. அவள் குரலில். அவளுக்கே தெரியாத உண்மையை.

செருப்புகூடப் போடாமல் ஷெட்டுக்கு ஓடினாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். காலில் விழ வேண்டும். திட்டினாலும் சரி, அடித்தாலும் சரி.

மணி 11:04.

பானட் தூக்கியிருந்தது. மாமா அதற்கு முன்னால், கதவுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். கையில் ஸ்பேனர் இல்லை. இன்ஜினில் ஒரு நட்டுகூடக் கழற்றியிருக்கவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்தார், தலையைச் சாய்த்து, எதையோ கேட்கிறவர் மாதிரி.

வாசலிலிருந்து பார்த்தால் காருக்குள் நன்றாகத் தெரியும். இரண்டு சீட்டும் காலி.

"என்னங்க..." என்றாள் அக்கா. "என்னங்க, நான்தான்."

மாமா திரும்பவில்லை. பானட்டைப் பார்த்தபடியே, அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்.

"ஒரு நிமிஷம் இரும்மா. யாரோ வந்திருக்காங்க."